அரங்கு வீடு என்பது வீடு அல்ல

அம்மா மட்டாஞ்சேரிக்கு வந்த மூன்றாம் நாள் நடந்தது இது. கீழ் வீட்டு சேச்சி நல்ல மனுஷி. அம்மாவுக்காக ஒரு சின்ன மேஜை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். வாசலில் நின்றபடி, "அம்மே, இது ஏது முறியிலா வெக்கேண்டது?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏய்யா, இவ என்னத்த முறிக்கணும்ங்கா?"

மலையாளத்தில் முறி என்றால் அறை. படுக்கையறை கிடப்புமுறி, குளியலறை குளிமுறி, சாப்பிடும் அறை ஊணுமுறி. நமக்கோ முறிப்பது என்றால் கிளையை முறிக்கலாம், உறவை முறிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சோம்பலை முறிக்கலாம். கொழும்புத் தமிழில் இதே சொல் என் தொழிலுக்குள் வந்துவிடும். அங்கே அரசாங்கக் கடன் பத்திரத்துக்குப் பிணைமுறி என்று பெயர். 2015-ல் இலங்கை மத்திய வங்கியில் நடந்த அந்தப் பெரிய மோசடியை அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் பிணைமுறி மோசடி என்றுதான் எழுதின. கொச்சியில் வாடகைக்கு விடுவதும் முறி, கொழும்பில் வட்டிக்கு விடுவதும் முறி. நான் படித்தது பி.காம்., மொழியியல் இல்லை. இருந்தாலும் எனக்குத் தோன்றுவது, துண்டு என்ற பொருள்தான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. வீட்டைத் துண்டாக்கினால் அறை, ஓலையைத் துண்டாக்கி எழுதினால் பத்திரம்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "ஃபேனை வாங்கி வைடா மொதல்ல" என்றாள். :-)

எங்கள் குடும்பம் சிதறிக் கிடக்கிறது. இதைப் படிக்கிற பலருடைய குடும்பமும் அப்படித்தான் இருக்கும். தங்கை டொராண்டோவில், சித்தப்பா மகன் மெல்பர்னில், அத்தை மகள் சிங்கப்பூரில், நான் எர்ணாகுளம் மாவட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீடியோவில் கூடுவோம். ஒருமுறை அம்மா தங்கை மகனிடம், "ஹால்ல யாருய்யா பேசுதது?" என்று கேட்டாள். அந்தப் பையன் போனை எடுத்துக்கொண்டு போய் படுக்கையறைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையைக் காட்டினான். அங்கே யாரும் இல்லை. அவனுக்கு ஹால் என்றால் அதுதான். நாம் ஹால் என்பதை அவன் லிவிங் ரூம் என்பான். மெல்பர்ன்காரன் லவுஞ்ச் என்பான். அவன் வீட்டில் பிள்ளைகள் விளையாட இன்னொரு அறை இருக்கிறது, அதற்கு ரம்பஸ் ரூம் என்று பெயராம். ரகளை அறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் யார் சரி? சரித்திரப்படி பார்த்தால் அம்மா கட்சிக்கே பலம் அதிகம். இடைக்கால இங்கிலாந்தில் ஹால் என்பது வீட்டின் நடு அறை. நடுவில் நெருப்பு எரியும். எஜமானும் வேலைக்காரர்களும் அங்கேதான் உண்பார்கள், பலர் அங்கேயே படுப்பார்கள். பிறகு எஜமானுக்குத் தனிமை வேண்டியிருந்தது. அவர் ஒதுங்குவதற்கென்று உள்ளே ஓர் அறை வந்தது. ஒதுங்கும் அறை, அதாவது வித்ட்ராயிங் ரூம், தலை தேய்ந்து டிராயிங் ரூம் ஆனது (அங்கே யாரும் படம் வரையவில்லை!). ஆட்கள் உள்ளே போகப் போக ஹால் சிறுத்து, கடைசியில் வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடுவே செருப்பு விடும் இடமாகிவிட்டது. எங்கள் காலனி ஹாலில் மட்டும் இன்னமும் டிவி ஓடுகிறது, விருந்தாளி படுக்கிறார், தாம்பூலம் மாற்றுகிறார்கள்.

கழிப்பறை விஷயத்தில் ஆங்கிலேயர்கள் இன்னும் மோசம். கனடாவில் வாஷ்ரூம், அமெரிக்காவில் ரெஸ்ட்ரூம், லண்டனில் லூ, பிலிப்பைன்ஸில் கம்ஃபர்ட் ரூம். ஓய்வு, சுகம், கழுவல் எல்லாம் சொல்வார்கள், உள்ளதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூரில் குழப்பம் எண்ணிக்கையில். அங்கே அரசு கட்டிய எச்.டி.பி. வீட்டில் 'மூன்று அறை' என்றால் படுக்கையறை இரண்டுதான், மூன்றாவது வரவேற்பறை. நம் ஊர்க் கணக்கில் அது டூ பி.எச்.கே. அத்தை மகள் முதலில் நான்கு அறை வீடு வாங்கிவிட்டேன் என்று சொன்னபோது, சம்பந்தி வீட்டில் நாலு பெட்ரூம் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை.

சரி, இதையெல்லாம் நான் தோண்ட ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேடிக்கையான காரணம் இல்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்க முடிவானது. யாரும் ஊரில் இல்லை. ஓடு சரிந்து, மழை உள்ளே வந்துகொண்டிருந்தது. வாங்க வந்தவர் ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தார் (எங்கள் வங்கி இல்லை). தாய்ப்பத்திரம் 1961-ல் தாத்தாவும் அவர் தம்பியும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். அதைப் படித்த வக்கீல் ஒரு குறிப்பு அனுப்பினார். இப்போது விற்கும் சொத்து வீடு ஒன்று. 1961 பத்திரத்தில் 'மேல அரங்கு வீடு, அடுக்களை வீடு, மச்சு வீடு' என மூன்று வீடுகள் உள்ளன. மற்ற வீடுகள் என்னவாயின? தவிர, 'மேல அரங்கு வீட்டில்' ஒரு பெண்மணிக்கு ஆயுள் பரியந்தம் வசிக்கப் பாத்தியம் தரப்பட்டுள்ளது. அவர் இருக்கிறாரா, இல்லையா?

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அறையும்தான். உள் வீடு, அடுக்களை வீடு, அரங்கு வீடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த வக்கீல் சென்னையில் வளர்ந்த சின்னப் பிள்ளை. அரங்கு என்றால் அவருக்கு நினைவுக்கு வருவது கலைவாணர் அரங்கம். நானே அவர் நாற்காலியில் இருந்தால், திண்டிவனம் பக்கத்துப் பத்திரம் ஒன்றில் மூன்று வீடு என்று பார்த்தால், இதே குறிப்பைத்தான் எழுதியிருப்பேன். தப்பு அவர் மேல் இல்லை. ஆனால் கிரயம் இரண்டு மாதம் நின்றுபோனது.

அந்த இரண்டு மாதமும் சாயங்காலங்களில் மட்டாஞ்சேரித் தெருக்களில் நடந்துகொண்டு, எந்த அறைக்கு எங்கே என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் புத்தி பிடித்தவனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. 1500-ல் போர்த்துகீசியர் கொச்சிக்கு வந்தார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டினார்கள். 1795-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூவரும் போய்விட்டார்கள், ஆனால் நம் வீட்டுச் சாமான்களில் பாதிக்கு அவர்கள் வைத்த பெயர்தான். ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, வராந்தா எல்லாம் போர்த்துகீசியர் வழியாக வந்தவை. நாற்காலிக்கு நாம் சொந்தப் பெயரை வைத்துக்கொண்டோம். மலையாளிகள் கசேர என்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் கதிரை என்கிறார்கள். இரண்டும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் இரண்டு உச்சரிப்புகள்.

யாழ்ப்பாணத்தில் சமையலறைக்குக் குசினி என்பார்கள், பாண்டிச்சேரிக்காரர்களும் சொல்வார்கள். இங்கே கேட்டுப் பார்த்தால் மலையாளத்திலும் குசினி உண்டு. பாதிரியார் மாளிகைகளில் சமையல் செய்பவர் குசினிக்காரன். சாதாரண வீட்டில் அது அடுக்கள, நம் அடுக்களையேதான். போர்த்துகீசியரின் கொசீஞாவும், பிரெஞ்சுக்காரரின் குயிசினும், ஆங்கிலேயரின் கிச்சனும் ஒரே லத்தீன் சொல்லின் பேரப்பிள்ளைகள். டொராண்டோ தங்கை கிச்சன் என்பதும், அவள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா குசினி என்பதும் சுற்றி வந்தால் ஒன்றுதான்.

காமரா கதை இன்னும் நீளம். லத்தீனில் கேமரா என்றால் வளைகூரை அறை. போர்த்துகீசியர் வாயில் அது காமரா. இந்தியில் கம்ரா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் சின்ன உள் அறைக்குக் காமிரா உள் என்று பெயர். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்கு லயக் காம்பிரா என்று பெயர். ஒரு குடும்பம் முழுக்க ஒரு காம்பிராவுக்குள் பிறந்து, வளர்ந்து, செத்தது. படம் பிடிக்கும் கேமராவும் இதே சொல்தான், இருட்டறை என்பதன் சுருக்கம். கோர்ட்டில் 'இன் கேமரா' விசாரணை என்றால் நீதிபதியின் அறைக்குள் நடப்பது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதை வீடியோ எடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தார், கிட்டத்தட்ட ரிட்டயர் ஆகும் வரை.

வராந்தாவுக்கு வருவோம். 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லைப் பற்றி நிறைய எழுதுகிறது. (அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அச்சில் பார்க்கும் முன்பே இறந்துவிட்டார்.) இந்தச் சொல் இந்தியாவில் பிறந்தது என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்வோம். ஆனால் 1498-ல் வாஸ்கோடகாமாவுடன் கோழிக்கோட்டுக்கு வந்த ஒருவர் எழுதிய பயணக் குறிப்பிலேயே வராந்தா வருகிறது. கரையிறங்கிய புதிதில் அவர்களை ஒரு வராந்தாவில் படுக்க வைக்கிறார்கள், பெரிய பித்தளை விளக்கு எரிகிறது. வந்த சுருக்கிலேயே அவர் வீட்டுச் சொல் போலச் சாதாரணமாக எழுதுகிறார் என்றால், அது அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்கள் வாதம். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. இன்று அந்தச் சொல் நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2016-ல் வந்த ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியாவைக் கணக்கிடும்போது உள் சுவர்களைச் சேர்க்கச் சொல்கிறது, பால்கனியையும் வராந்தாவையும் கழிக்கச் சொல்கிறது. வராந்தா எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்பதில் லட்சங்கள் நிற்கின்றன. கடன் பிரிவில் இருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

டச்சுக்காரர்கள் நமக்குக் கொடுத்தவற்றில் ஒன்று: கக்கூஸ். அவர்கள் பாஷையில் கக்ஹவ்ஸ். முன்பாதிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, பின்பாதி வீடு. இந்தச் சொல்லை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகம் போலவே இருக்கிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் 1658. கொச்சி 1663. இன்றைய ஜகார்த்தா 1619-லிருந்து. தமிழில் கக்கூஸ், மலையாளத்தில் கக்கூஸ், சிங்களத்தில் கக்குஸ்ஸிய, இந்தோனேசியாவில் ககுஸ். மிளகும் பட்டையும் போன வழியிலேயே இதுவும் வந்திருக்கிறது.

இந்தச் சொல்லைச் சொல்லும்போது நாம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். போர்டுகளில் இங்கே சுசிமுறி என்றும், நம் ஊரில் கழிப்பறை என்றும், இலங்கையில் மலசலகூடம் என்றும் எழுதுகிறார்கள். சொல்லை மாற்றியாகிவிட்டது. ஆனால் அதைச் சுத்தம் செய்தவர்கள் யார்? தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய 'தோட்டியுடெ மகன்' ஆலப்புழை நகராட்சியின் தோட்டிகளைப் பற்றிய நாவல். சுந்தர ராமசாமி அதைத் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். அதில் தகப்பன் பெயர் இசக்கிமுத்து, மகன் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரனுக்கு அந்தப் பெயர்களைப் படித்ததும் உடம்பு ஒரு மாதிரி ஆகும். எங்கள் ஊர்ச் சாமிகளின் பெயர்கள் அவை. கேரளத்துக்கு வந்த தமிழன் என்றால் நாம் பட்டர்களையும் ஓட்டல்காரர்களையும் சொல்வோம், என்னைப் போன்ற பேங்க் ஆபீசரைச் சொல்வோம். எனக்கு முன்னாலேயே புறவாசல் வழியாக வந்தவர்கள் அவர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். 2017-ல் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்துக்குத் தலைப்பு 'கக்கூஸ்'. சட்டங்களுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் அந்த வேலை நடப்பதைக் காட்டுகிற படம் அது. பழைய சொல்லையே தலைப்பாக வைத்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் தோபி கானாவுக்கும் போனேன். துணி வெளுக்கும் அந்தத் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர்களை டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு. முந்நூறு வருஷமாக இங்கே இருக்கிறார்கள், இன்னமும் வீட்டில் தமிழ். கானா என்பது பாரசீகத்தில் வீடு அல்லது அறை. இந்தி தோபி, பாரசீக கானா, உள்ளே பேசுவது தமிழ், வெளியே போர்டு ஆங்கிலம். அங்கே ஒரு பெரியவரிடம் உங்கள் வீட்டில் சமையலறைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சட்டையைக் குடுங்க சார், இஸ்திரி போட்டுத் தரேன்" என்றார். கேட்ட விதம் சரியில்லை போல.

எனக்குப் பிடித்தது பஜார் ரோடு. சுக்கு, மிளகு வாசனையோடு இருக்கும் பழைய கிடங்குகளுக்கு இங்கே பாண்டிகசால என்று பெயர், நம் பண்டகசாலை. கோடவுன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே மூலம் நம் கிடங்கும் தெலுங்கு கிடங்கியும்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. மலாய் மொழிக்குப் போய் குதாங் ஆகி, போர்த்துகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயரிடம் கோடவுன் ஆகி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கள் வங்கிப் படிவத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூரில் இதே சொல் வேறு வேலை பார்த்தது. மார்க்கெட் தெருவில் நகரத்தார்கள் வட்டிக்கடை வைத்திருந்த நீளக் கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கூடத்தில் வரிசையாகப் பல பேர் பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் உட்காரும் இடம் ஒரு பெட்டியடி, அதாவது ஒரு பேங்க். ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள். தொழில் பழக வந்த சின்னவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். ஊரில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டைக் கட்டி வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரர் தூரதேசத்தில் ஒரு பாய் அகலத்தில் வருஷக் கணக்கில் படுத்துக் கிடந்திருக்கிறார். 1970-களில் நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போய்விட்டன. வளைகுடாவில் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கி, ஊரில் மூன்று மாடி எழுப்புகிறவர்களின் கடன் மனுக்களை இங்கே வாரா வாரம் பார்க்கிறேன்.

ஒரு ஞாயிறு, அம்மாவை மட்டாஞ்சேரி அரண்மனைக்குக் கூட்டிப்போனோம். டச்சு அரண்மனை என்று பெயர், ஆனால் 1555 வாக்கில் கட்டியது போர்த்துகீசியர். கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. (மராமத்துக் கடன் கொடுத்தவன் பெயரில் பட்டா மாறியது மாதிரி.) உள்ளே ராமாயண ஓவியங்கள் உள்ள அறைக்குப் பள்ளியற என்று பெயர். அம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் கைகூப்பிவிட்டாள். அவளுக்குப் பள்ளியறை என்றால் கோயிலில் சுவாமியும் அம்பாளும் ராத்திரி எழுந்தருளும் இடம். ராஜா தூங்கிய அறை என்று சொன்னதும் கையை இறக்கிக்கொண்டாள்.

இந்த ஊரில் அறையைவிட வீட்டின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும். மலபார் கலெக்டராக இருந்த லோகன் 1887-ல் வெளியிட்ட மானுவலில் இதைப் பட்டியல் போட்டிருக்கிறார். ராஜா இருந்தால் கோவிலகம், கொட்டாரம். நம்பூதிரி இருந்தால் இல்லம், இன்னும் பெரிய நம்பூதிரியானால் மனை. நாயர் இருந்தால் வீடு. கோயில் ஊழியருக்கு வாரியம், பிஷாரம். தட்டாரும் தச்சரும் தீயரும் இருந்தால் புரை அல்லது குடி. பறையர் இருந்தால் சேரி, அடிமை செறுமர் இருந்தால் சாளை. தமிழ்ப் பிராமணர் வீடு மடம். எல்லாவற்றிலும் சுவரும் கூரையும்தான். விலாசம் எழுதும்போதே ஜாதியை எழுதியாகிவிட்டது. நம் ஊரில் இப்படி இல்லையே என்று நான் சொல்ல வரவில்லை. அக்ரஹாரம், வளவு, குடி, சேரி என்று நாம் தெருவுக்கு வைத்தோம், இவர்கள் கூரைக்கு வைத்தார்கள்.

இனி பத்திரத்துக்குப் போகலாம்.

ஊர்ப் பத்திர எழுத்தர் வழி சொன்னார். பத்திரத்தில் உள்ள சொற்களுக்கு விளக்கம் எழுதி, விவரம் அறிந்தவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும், கூடவே வீட்டுப் படத்தில் ஒவ்வொரு அறையையும் குறித்துக் காட்டட்டும் என்றார். விவரம் அறிந்தவர் என்று மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான். வயது எண்பத்தொன்று. சில நாள் பேத்தியின் பெயர் மறந்துபோகும். வீடு மறக்கவில்லை.

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். என் மகள் எட்டாம் வகுப்பு. தமிழ் எழுத்து அவளுக்குத் தடுமாறும், ஆனால் படம் நன்றாக வரைவாள். அம்மா சொல்லச் சொல்ல அவள் ஸ்கேல் வைத்து வரைந்தாள், நான் எழுதினேன்.

தெருவிலிருந்து ஏறினால் திண்ணை. உள்ளே நுழைந்தால் தார்சா. "தார்சான்னா என்ன ஆச்சி?" என்றாள் மகள். "காத்து வார எடம். வந்தவங்களை உக்கார வைக்கது அங்கனதான். தாத்தா பேப்பர் படிப்பா." அதற்கு உள்ளே பட்டாசல். தஞ்சாவூரில் கூடம், கோயம்புத்தூர்ப் பக்கம் ஆசாரம், இப்போது எல்லோருக்கும் ஹால். பட்டாசலின் மேற்கே இரண்டு அரங்கு. பின்னால் அடுக்களை. அதைத் தாண்டிப் புறவாசல், கிணறு. அடுக்களைக்குப் பக்கத்தில் மச்சுக்கு ஏணி.

ரேழி உண்டா என்று கேட்டேன். அதெல்லாம் தஞ்சாவூர்க்காரங்களுக்கு என்றாள். இடைகழி என்ற சொல்தான் தேய்ந்து ரேழி ஆனது. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரும் சந்தித்தது ஓர் இடைகழியில்தான். ஒருவர் படுக்க, இருவர் உட்கார, மூவர் நிற்கத்தான் இடம் இருந்ததாம். சதுர அடி வருவதற்கு முன் இடத்தை ஆளால் அளந்திருக்கிறார்கள். தங்கை மகன் காட்டிய ஹால் கிட்டத்தட்ட ஒரு ரேழிதான் என்று அப்போது தோன்றியது.

"அரங்குன்னா என்னன்னு எழுதட்டும்மா? ஸ்டோர் ரூம்னு போடவா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சாமான் வைக்க ரூமுன்னு போட்டா, பெரியத்தையை எங்கன வைப்ப?" என்றாள்.

அப்போதுதான் அந்த இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது. மேல அரங்கு வீட்டில் ஆயுள் பரியந்தம் வசிக்கப் பாத்தியம். அது என் அப்பாவின் அத்தை. பதினாறு வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அரங்குக்கு ஜன்னல் கிடையாது. நெல்லும் பித்தளைப் பாத்திரமும் நகைப் பெட்டியும் இருக்கும் இடம் என்பதால் கதவு ஒன்றுதான், அதுவும் பட்டாசலைப் பார்த்து. வீட்டில் கல்யாணம், வளைகாப்பு என்று ஆட்கள் வந்தால் பெரியத்தை அரங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வலதுகாலை வைத்த அன்றும் அந்தக் கதவு சாத்தித்தான் இருந்தது. மூன்றாம் நாள், விருந்தாளிகள் போன பிறகுதான் இப்படி ஒருத்தர் வீட்டில் இருப்பதே அம்மாவுக்குத் தெரிந்தது.

"எம்புட்டு நாள் இருந்தாங்க ஆச்சி?"

"நான் வந்து பதினெட்டு வருஷம். அதுக்கு முந்தி எம்புட்டோ." பிறகு என்னைப் பார்த்து, "அரங்குன்னா இருட்டு. அப்படியே எழுது" என்றாள்.

பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து அத்தைக்கு எழுதிக் கொடுத்தது அந்த இருட்டைத்தான். அதையும் சாகும் வரைக்கும் மட்டும். இது பெரிய மனசு என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அந்தக் காலத்தில் அதுவும் எழுதாமல் விட்டவர்கள் உண்டு என்று அம்மாவே சொன்னாள். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. 2011-ல் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலில் நிலவறைகளைத் திறந்தபோது மலையாளப் பத்திரிகைகள் அவற்றைக் கல்லற என்று எழுதின. நமக்குக் கல்லறை என்றால் சமாதி. மலையாளத்தில் அதற்குப் பொக்கிஷ அறை, சமாதி இரண்டும் பொருள். அரங்கு என்று எழுதும்போது அந்தச் சொல் நினைவுக்கு வந்தது.

பெரியத்தை இறந்தது 1978. இறப்புச் சான்று யாரும் வாங்கவில்லை. வருவாய்த் துறைக்கும் கோர்ட்டுக்குமாக அலைந்து அதை வாங்கிய கதை தனி. பிரமாணப் பத்திரத்தில் கடைசியில் நான் எழுதியது இதுதான்: 'அரங்கு வீடு என்பது தனி வீடு அல்ல. பிரதான வீட்டின் உள்ளே, பட்டாசலுக்கு மேற்கே, ஜன்னல் இல்லாத உள் அறை.' ஆச்சி சொன்ன இருட்டு அதில் இல்லை, வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார். அம்மா நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கிரயம் முடிந்தது. வாங்கியவர் வீட்டை இடித்துவிட்டு மூன்று பி.எச்.கே. கட்டுகிறார். இடிக்கும் முன் ஊரிலிருந்து ஒருவர் போட்டோ அனுப்பினார். மேற்குச் சுவர் விழுந்து, அரங்குக்குள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை அம்மாவிடம் இதுவரை காட்டவில்லை.

மகள் வரைந்த படத்தின் நகல் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இங்கே மாடியில், தெருவைப் பார்த்தபடி ஒரு சின்ன பால்கனி உண்டு. சாயங்காலம் காயலில் இருந்து காற்று வரும். அம்மா அங்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "நான் தார்சால இருக்கேன்" என்பாள். போன வாரம் மகள் அங்கே நின்று போனில் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஞான் தார்ஸாயிலாணு" என்றாள். அந்தப் பக்கத்தில் என்ன கேட்டார்களோ, இவள் உள்ளே திரும்பி, "ஆச்சி, தார்சாவுக்கு மலையாளத்துல என்ன?" என்று கத்தினாள்.

"காத்து வார எடம்னு சொல்லு" என்றாள் அம்மா.